நெக்டோ

மாங்குளம் ஆசுப்பத்திரியின் பழைய களஞ்சிய அறையில்
இடுப்போடு இரண்டாகக் கழலுவாள்.
காலமை நான்தான் பூட்டிவிடுவேன்:
கால்கள், வயிறு, உள்ளே ரப்பர்க் கருப்பை,
அதற்கொரு குழாய்,
குழாயின் மேல்முனையில் ஒன்றரை லீற்றர் நெக்டோ,
சோளமா கரைத்தது.
பார்த்தால் இரத்தம்.
மணந்தால் கோயில் திருவிழாக் கடை.

என் வேலை அதோடு முடிய வேண்டும்.
குரல் கொடுக்கிற மருத்துவமாதுவுக்குத் தொண்டை அடைத்த நாள்
வைத்தியர் அகிலேந்திரன் மைக்கை என்னிடம் நீட்டினார்.
"திரைக்குப் பின்னால இருந்து கத்துங்கோ.
நோகுது எண்டு சொன்னால் காணும்."

தாளில் இருந்தது இவ்வளவுதான்:
வயது முப்பத்திரண்டு. மூன்றாம் பிள்ளை.
பிறந்து பத்தாம் நிமிடம் பெருக்கு.
பேர் இல்லை.
பேரில்லாத ஆளுக்கு எப்படி நோகும்?
முதல் நாள் அவளைப் பனங்காமத்து ரஞ்சிதமலர் ஆக்கினேன்,
வீட்டில் கன்றுத்தாச்சி மாடு, பார்க்க ஆளில்லை.
மறுநாள் சாந்தபுரத்து மாரியாயி,
வெள்ளிக்கிழமை நுண்கடன் தவணை.
மூன்றாம் நாள் நீராவிப்பிட்டி பரீதா.
பரீதாவுக்கு ஒன்றும் யோசிக்கேல்லை, அண்டைக்குக் கரண்ட் இல்லை.

"ஒக்சிரோசின் பத்து அலகு."
"ஒக்சிரோசின் பத்து அலகு, குடுத்தாச்சு."
"ரெண்டாவது லைன்."
"ரெண்டாவது லைன், போட்டாச்சு."
கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேணும்,
அதுதான் அங்கே பழக்குகிற முதல் பாடம்.
நான் மைக்கில் கேட்டேன்:
"தங்கச்சி, நான் செத்துப்போடுவனோ?"
அதை மட்டும் ஒருவரும் திருப்பிச் சொல்லேல்லை.

மொனிற்றர் நேர்கோடு இழுத்தது.
யதுகிரி, முழங்கை வரை சிவப்பு,
கையை எடுத்துவிட்டு உண்மையாகவே அழுதாள்.
வைத்தியர் ரிமோட்டை அமத்தினார்.
"பறவாயில்லை. முதல்ல இருந்து."

முதல்ல இருந்து.

ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில்
கரும்பலகையில் யாரோ போட்ட வகுத்தல் கணக்கு அழியாமல் இருக்க
நான் சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்து நின்ற மாசி மாதம்
ஒருவரும் பழகிவிட்டு வரேல்லை.
கத்தி பிடித்தவரும்தான், கிடந்தவரும்தான்.
அங்கே எல்லாம் ஒரு தரம்.

இங்கே ரப்பரைக் கழுவி மறுபடி நெக்டோ ஊற்றினேன்.
அன்று அவள் ஆறு தரம் செத்தாள்.
ஏழாம் தரம்
ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேலே,
யதுகிரி முகத்தைத் திருப்பி
அந்த இமை வெட்டாத கண்ணைப் பார்த்து
"அக்கா, உங்கட பேர் என்ன?" எண்டாள்.
தாளைப் பார்த்தேன். இல்லை.
எனக்கும் அண்டைக்கு வைக்க மறந்துபோச்சு.
வாயில் வந்தது என்ர பேர்.

பின்னேரம் கழற்றும்போது
தொடையில் எறும்பு ஏறியிருந்தது.
கருப்பைக்குள்ளும் நாலைந்து.
சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

கார்த்திகையில் ஒரு நாள்
ஒலுமடுப் பாதையில் வெள்ளம் குறுக்கிட
இரவு இரண்டரைக்குத்தான் அம்புலன்ஸ் வந்து சேர்ந்தது.
யதுகிரி இரண்டு கையாலும் அழுத்தினாள்.
"அக்கா, உங்கட பேர் என்ன?"
அந்தப் பெண் பல்லைக் கடித்தபடி கூரையைப் பார்த்தாள்.
மாட்டைப் பற்றிச் சொல்லேல்லை, கடனைப் பற்றிச் சொல்லேல்லை.
அவளிடம் தாள் இல்லை.
மைக் இல்லாத என் வாய் சும்மா அசைந்தது.
பிறகு சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்தேன், அது கைக்குத் தெரியும்.
"பத்து அலகு."
"பத்து அலகு, குடுத்தாச்சு."

விடியப்புறம் நிலத்தைக் கழுவினேன்.
எறும்பு ஒன்றும் வரேல்லை.
மூன்றாம் கட்டிலில் இருந்து,
கரகரத்து, கேட்கவே இல்லாத மாதிரி,
"தண்ணி."
ஈரத் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன்.
"தண்ணி," எண்டு சொன்னேன்,
"தண்ணி, இந்தா, கொண்டுவாறன்."